கோரைக்கு மேஜையில் இடமில்லையாம்!

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டேன், பிள்ளைகளே. கத்தியது தப்பு. ஆனால் கோபம் தப்பா?

பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் செடி, பூ கண்காட்சி. என் மகள் கயல் அங்கே ஏழாம் வகுப்பு. எங்கள் வயல் செடிகளைப் பேப்பருக்குள் வைத்து, மேலே யூரியா மூட்டையை ஏற்றி, தினமும் பேப்பர் மாற்றி, பத்து நாள் காயவைத்து அட்டையில் ஒட்டியிருந்தாள். நடுவில் ஒரு கோரை – வேர், கிழங்கு, பூ எல்லாவற்றோடும். கீழே சின்னச் சீட்டு: எந்த வயல், என்ன தேதி, பறித்தது யார்.

பரிசு கொடுக்க வந்த விருந்தினர் சிரித்தார். "இன்னாம்மா, களையப் புடுங்கி ஒட்டி வெச்சிருக்க? ரோஜா கெடைக்கலியா?"

பக்கத்தில் நின்ற ஆசிரியர் உடனே, "போட்டோ எடுக்கணும், அத எடுத்துடும்மா" என்றார்.

கயல் இரண்டு கையாலும் அட்டையை மறைத்துக்கொண்டாள். "மாட்டேன் சார்."

அப்போதுதான் கத்தினேன். "சார், இந்தக் கோரைக்கு மொத எதிரி நான்தான். வருஷம் பூரா இத்தோட மல்லுக்கட்டுறேன். நானே சொல்றேன், இது இங்கதான் இருக்கணும்!"

"அப்படி இன்னாப்பா இருக்கு அதுல?" என்றார் விருந்தினர்.

என்ன இருக்கிறதா? பத்தாவதோடு நின்ற எனக்கே தெரிகிறதே! கோரையில் எத்தனையோ வகை. கிழங்கையும் பூவையும் பார்த்துத்தான் பிரிக்க முடியும். இந்த வயலில் முன்பு என்ன முளைத்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், இந்த அட்டைதான் சாட்சி. ஓவிய வாத்தியார் முந்தின நாள் இதைப் பார்த்து ஒரு மணி நேரம் வரைந்தார்... "பூவுல இம்மாம் வேலைப்பாடா!" என்று வாய் பிளந்தார். கயலோ காயவைக்கும்போதே கேட்டாள்: "ஏம்பா, உயிரு போயிடுச்சே, இப்பவும் இது கோரைதானா?" தத்துவம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தானே?

முதல் பரிசு ரோஜாக்களைக் காயவைத்து ஒட்டிய ஓர் ஆல்பத்துக்கு. பூவெல்லாம் கடையில் வாங்கியது. எங்கே பூத்தது, எப்போது பூத்தது – ஒரு வரி கிடையாது!

போட்டோவுக்காகக் கோரை மேஜையை விட்டு இறங்கியது. கயல் அழவில்லை. அட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள், வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட. அங்கே படிக்கும் தன் மகளைப் பார்க்க வந்த ஒரு விவசாயி முகம் சுளித்தார்.

"இந்தச் சனியன எங்கேர்ந்தும்மா கொண்டாந்த?"

"எங்க வயல்லேர்ந்துதான் மாமா. கெழங்கப் பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அட... இத்தினி வருஷமா புடுங்கிப் போடுறேன், ஒருநாளும் பாத்ததில்லியே!"

அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே குனிந்தது. குனியாதவர் விருந்தினர் ஒருவர்தான் – பொன்னாடை நழுவிவிடும் என்று பயம் போல!