கண்டுபிடிக்கப்பட்டவனைக் காணவில்லை

ஒப்துலியாவின் மகன் ரொசெந்தோ காணாமல் போய் ஏழு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அரசாங்கம் அவனைக் கண்டுபிடித்துவிட்டது. பெற்றவளிடம் சொல்லத்தான் மறந்துபோனார்கள்.

சான் ஹசிந்தோ ஊரில் ஒப்துலியாவைத் தெரியாதவர் கிடையாது. கோதுமை மாவை முழங்கை வரை விரித்துக் காகிதத்தைவிட மெல்லிசாகத் தோர்த்தியா ரொட்டி சுடுவாள். வாயும் அதே அளவுக்கு விரியும். மகன் வேலைக்குப் போனவன் திரும்பாத அன்று போலீஸுக்கு ஓடினாள். "மூணு நாள் பொறுங்கம்மா. எவளையாவது இழுத்துக்கிட்டுப் போயிருப்பான்" என்றார்கள். மூன்று நாள் பொறுத்துப் போனதற்கு, "இவ்வளவு லேட்டா வந்தா எப்படித் தேடுறது?" என்று கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான், மூன்று நாளாக ஒருத்தரும் தேடவில்லையே.

அப்புறம் கோப்பு மேஜை மேஜையாக நடந்தது. ஒரு வருஷம் அதன் பின்னாலேயே நடந்த ஒப்துலியா, இந்த நடையை மலையில் நடந்தாலாவது பிரயோஜனம் உண்டு என்று, அதே கதியில் இருந்த மற்றப் பெண்களோடு சேர்ந்துகொண்டாள். ஆளுக்கொரு இரும்புக் கம்பி. மண் இளகியிருக்கிற இடத்தில் அதைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். உருவி, முனையை முகர்ந்து பார்க்க வேண்டும். வெறும் மண் வாடை என்றால் அடுத்த இடம். வேறு வாடை என்றால் எல்லோரும் மண்வெட்டியை எடுப்பார்கள். வாரத்தில் வியாழனும் சனியும் மலை, மற்ற நாளெல்லாம் மாவு. இந்த ஏழு வருஷத்தில் அந்தப் பெண்கள் மூக்கை வைத்தே பதினொரு பேரைக் கண்டுபிடித்திருந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தார் கம்ப்யூட்டரை வைத்து ஒருவரையும் கண்டுபிடிக்கவில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

விஷயம் தெரிந்தது ஆய்வுக்கூடத்து ஜன்னலில். பழைய சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால் பெண்கள் ஓர் ஆணின் எலும்புகளைத் தோண்டி எடுத்திருந்தார்கள். நல்ல உயரம், இளவயசு என்றார் ஆய்வுக்கூடத்துக்காரர். ரொசெந்தோ கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டே வளர்ந்தவன். தான் முன்பு கொடுத்திருந்த எச்சில் மாதிரியோடு டி.என்.ஏ. ஒத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று ஒப்துலியா போனாள். ஜன்னலுக்குள் இருந்த பெண் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்க கேஸ் முடிஞ்சிருச்சேம்மா. பையன் கிடைச்சுட்டாருன்னு இருக்கு. மூடின கேஸுக்கு நாங்க ஒத்துப் பாக்கிறதில்ல."

ஒப்துலியா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், நம்பினாள். மாட்டிறைச்சி ஊறப்போட நேரம் இருக்குமா, அவன் கட்டிலில் அடுக்கி வைத்திருக்கிற மாவு மூட்டைகளை எங்கே மாற்றுவது என்றெல்லாம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர்களை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அங்கிருந்து நேராகத் தேடல் அலுவலகம். அதிகாரி ஊர்ரேயா கெட்ட மனுஷன் இல்லை, எழுதியிருப்பதை மட்டும் நம்புகிறவர். கோப்பைத் திறந்து படித்துக் காட்டினார். காணாமல் போனவர்கள் பட்டியலைச் சரிபார்க்க மேலிடம் உத்தரவு போட்டிருந்தது. மேல்சட்டையில் அரசாங்க அடையாளப் பட்டை மாட்டிய இரண்டு இளைஞர்கள் வியாழக்கிழமை வீடு தேடி வந்திருக்கிறார்கள். 'புகார் கொடுத்தவர் வீட்டில் இல்லை' என்று குறித்திருக்கிறார்கள். எப்படி இருப்பாள்? அவள் மலையில் இவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே பக்கத்து வீட்டு யதீராவைக் கேட்டிருக்கிறார்கள்.

யதீரா சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ரொசெந்தோவைத் தெரியுமா? தெரியாமல் என்ன, தன் மகளுக்கு ஞானத்தகப்பன் ஆயிற்றே. ஞானஸ்நானம் எப்போது? ஆறு வருஷம் முன்னால், இதோ சுவரில் கோவில் சான்றிதழ், அவர் பெயரோடு, தேதியோடு. பிள்ளைக்கு ஏதாவது செய்கிறாரா? ஒரு பிறந்தநாள் தவறியதில்லை, பள்ளிக்கூடத்துக்கு முதல் பூட்ஸ்கூட அவர் கொடுத்ததுதான்.

நடந்தது ஊருக்கே தெரியும். யதீராவின் புருஷனும் ரொசெந்தோவும் கூட்டாளிகள். உன் தலைப்பிள்ளைக்கு நான்தான் ஞானத்தகப்பன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். பிள்ளை பிறந்தபோது அவன் இல்லை. அதற்காக வாக்கை மாற்றுவார்களா? வர முடியாத ஞானத்தகப்பனுக்குப் பதில் வேறொருவர் மெழுகுவர்த்தி பிடித்து நிற்கலாம் என்பதால் சாமியாரும் சம்மதித்தார். ஒப்துலியா மகனுக்காக நின்றாள். கோவில் வாசலில் ஞானத்தகப்பன் குழந்தைகளுக்கு வாரி இறைக்கிற சில்லறையையும் அவளே இறைத்தாள். பொம்மை, பூட்ஸ் எல்லாம் அவள் வாங்கியதுதான். ஆனால் அப்படிச் சொல்லிக்காட்டுவது எங்கள் பக்கம் அநாகரிகம். அந்தத் தெருவில் காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் 'இருந்தான்' என்று பேசுவதில்லை, 'இருக்கிறான்' என்றுதான். பட்டை மாட்டிய பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்: 'உயிரோடு இருப்பதற்கான அடையாளங்கள் உண்டு. கண்டுபிடிக்கப்பட்டார்.'

"தப்புன்னு எழுதி நான் கையெழுத்துப் போடறேன் சார்" என்றாள் ஒப்துலியா.

"நீங்க போட முடியாதும்மா. அவர் சட்டப்படி மேஜர். கண்டுபிடிச்ச கேஸைத் திறக்கணும்னா, சம்பந்தப்பட்டவரே நேர்ல வந்து மனு குடுக்கணும்."

"என்னைக் கண்டுபிடிக்கலன்னு அவனே வந்து சொல்லணுமா?"

"விதி அப்படி."

"நல்ல விதி சார். அவன் வந்தா நானே கூட்டிட்டு வர்றேன், உங்களுக்கு ரெண்டு தோர்த்தியாவும் சேத்து."

வீட்டுக்கு வந்தால் யதீரா அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். "என் வாயில புண்ணு வர! எல்லாம் என்னாலதான் வந்துச்சு அக்கா."

"நீ என்னடி பொய்யா சொன்ன? உன் பொண்ணுக்கு அவன்தான் ஞானத்தகப்பன். அதுல யாரும் கை வைக்க முடியாது. மூக்கைச் சிந்திட்டு மாவைப் பிசை, நாளைக்கு எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு."

மறுநாள் காலை கதவு திறக்கும்போதே வரிசையில் முதல் ஆளாக நின்றாள். ஊர்ரேயாவுக்கு அவளைப் பார்த்ததுமே தலை வலித்திருக்க வேண்டும்.

"அம்மா, நேத்தே சொன்னேனே."

"அது பழைய கேஸ் சார், முடிஞ்சிருச்சு. ரொம்ப சந்தோஷம். அவன் கிடைச்சுட்டான்னு நீங்க போட்ட சான்றிதழ்ல ஒரு நகல் குடுங்க." கொடுத்தார். அதை மடிக்காமல் அவர் பக்கமே திருப்பி மேஜையில் வைத்தாள். "இப்ப புதுப் புகார் எழுதிக்குங்க. என் மகனைக் காணோம்."

"எப்பலேருந்து?"

"போன செவ்வாய்க்கிழமைலேருந்து. அன்னைக்கு இருந்திருக்கான், உங்க முத்திரையே இருக்கு. அதுக்கப்புறம் எங்க போனான்னு தெரியல."

ஊர்ரேயா பேனாவைக் கீழே வைத்தார். சான்றிதழைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். புகாரை உடனே வாங்கியாக வேண்டும் என்பதும் விதி, அதுவும் அவருக்கு மனப்பாடம். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"சூளைக்குப் பின்னாடி கிடைச்சது பழைய எலும்பும்மா" என்றார் தணிந்த குரலில். "போன வாரம் காணாமப் போனவரோட அதை..."

"உங்க மெஷின் தேதி பாக்குமா சார்?"

யோசித்தார். "பாக்காது. கேஸ் திறந்திருக்கான்னு மட்டும்தான் பாக்கும்."

"அப்ப எழுதுங்க."

"கடைசியா அவரைப் பாத்தது யாரு?"

"நீங்கதான்."

பின்னால் வரிசையில் ஒரு கிழவர் சத்தமாகச் சிரித்தார். ஊர்ரேயா சிரிக்கவில்லை. 'இவ்வலுவலகம்' என்று தட்டினார்.

"வயசு?"

"இருபத்தி நாலு." ஏழு வருஷமாக எல்லா ஜன்னலிலும் சொன்ன பதில், தானாக வந்துவிட்டது.

"பிறந்த தேதிப்படி முப்பத்தி ஒண்ணு ஆகுதும்மா. போன வாரம் காணாமப் போனவர்னா முப்பத்தி ஒண்ணுதான் போடணும்."

முப்பத்தொரு வயது ரொசெந்தோவை அவள் பார்த்ததே இல்லை. கனவில்கூட அவன் இருபத்து நாலுக்கு மேல் வளர்ந்து வந்ததில்லை.

"சரி, முப்பத்தி ஒண்ணு" என்றாள்.

"எடை?"

அவன் எலும்பும் தோலுமாக இருந்தவன். ஆனால் அவன் அப்பாவுக்கு முப்பதில் வயிறு வைத்தது. "எண்பத்தஞ்சு போடுங்க. லேசா தொப்பை விழுந்திருக்கும்."

"இருக்குமா, இருக்கா? ஒண்ணு சொல்லுங்கம்மா."

"இருக்கு."

"முடி?"

"கறுப்பு. முன்நெத்தியில ஏறியிருக்கு." இதையும் அப்பாவிடமிருந்துதான் எடுத்தாள். "கண்ணுக்குப் பக்கத்துல கோடு விழுந்திருக்கு. வெயில்ல வேலை செய்யறவன் பாருங்க." சொல்லச் சொல்ல அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஊர்ரேயா தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

சூளைக்குப் பின்னால் கிடந்தவன் இருபத்து நான்கு வயதில் நின்றுபோன தன் பிள்ளைதானா என்று தெரிந்துகொள்வதற்காக, ஒப்துலியா அன்று காலை அவனை முப்பத்தொரு வயது வரை வளர்த்து, தொப்பை வைத்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

"பழைய எச்சில் மாதிரி செல்லாதும்மா, புது கேஸுக்குப் புதுசா எடுக்கணும்" என்றபடி பஞ்சு சுற்றிய குச்சியோடு ஒரு பெண் வந்தாள். ஒப்துலியா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.