பென்சில் திருத்திய கியோட்டோப் பயணம்

மூன்று வருடங்களுக்கு முன்னர், மாசி மாதக் கடைசியில் நடந்தது இது. அந்தக் கிழமை ரொறன்ரோவில் வாசல் பனியை வழித்துவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மறுபடியும் அதே அளவு கொட்டியிருக்கும். வெளியே போக மனமில்லாமல் நான் வீட்டுக்குள் இருந்தபடி கியோட்டோ நகரத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் மகளுக்கு வைகாசியில் மெல்பேர்ணில் கல்யாணம். இவர், அதாவது என் கணவர், பிறம்ரனில் ஒரு பெரிய பொருட்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சேர்ந்தாற்போல இரண்டு கிழமை லீவு எடுப்பதென்றால் அவருக்குப் பெரிய பாடு. எங்கள் விமானம் ஜப்பான் வழியாகத்தான் போகிறது என்று மகள் கண்டுபிடித்தாள். "இடையில ரெண்டு மூண்டு நாள் நிண்டு போங்கோவன்" என்றாள். அப்போது இவர் சோற்றைப் பிசைந்தபடி, "கியோட்டோவில ஒரு கல்லுத் தோட்டம் இருக்காம். ஏலுமெண்டா அதைப் பாப்பம்" என்றார். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் இவராக வாய் திறந்து ஒரு இடத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அந்த நிமிடமே கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஊர் பார்க்கப் போகிற ஆட்கள் இல்லை. பாரிஸுக்குப் போயிருக்கிறோம், அது பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிக்கு. லண்டனுக்கு இரண்டு தரம் போயிருக்கிறோம், இரண்டும் சொந்தத்துப் பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. எங்கே போனாலும் விமான நிலையத்தில் ஒரு மச்சான் வந்து நிற்பார், ஒரு வீட்டின் மேலறையில் பாய் விரித்திருக்கும். ஜப்பான் என்றதும் அக்கா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "யப்பானில எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்பதுதான். ஒருவரும் இல்லை என்றதும், "அப்ப என்னத்துக்கு அங்க போறியள்?" என்றார். அவர் கேட்டதிலும் பிழையில்லை. சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊருக்கு எப்படிப் போவது என்று எங்களுக்கு உண்மையாகவே தெரியாது.

தெரியாத ஊர் என்றால் திட்டம் பக்காவாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். திட்டம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை மறைப்பானேன். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தியில் யார் எத்தனை மணிக்கு இருப்பது, யார் எந்த வாகனத்தில் வருவது என்று எழுதுவது நான்தான். பகலில் பள்ளிக்கூடமொன்றில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கிறேன். இரண்டு பெரிய மனிதரை இரண்டு பகலுக்கு ஒரு நகரத்தில் மேய்ப்பது எனக்கு ஒரு வேலையா?

எங்களுக்குக் கியோட்டோவில் இருந்தது அந்த இரண்டு முழுப் பகல்தான். மூன்றாம் நாள் விடிய ரயில் ஏற வேண்டும். அந்த இரண்டு பகலுக்குள் இருபத்து மூன்று இடங்களை அடுக்கினேன். ரயில் நேரம், பஸ் இலக்கம், மரக்கறிச் சாப்பாடு எங்கே கிடைக்கும், மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது என்று எல்லாவற்றையும் பார்த்தேன். முன்னமே போய் வந்த பத்துப் பேரையாவது தேடிப் பிடித்துக் கேட்டேன். யூனியன்வில்லில் இருக்கிற தோழியின் கணவர் ஒருநாள் டோக்கியோவில் விமானம் மாறியவர், அவரையும் விடவில்லை.

காலையில் கோட்டை, சந்தை, பழைய தெருக்கள் என்று போட்டேன். பன்னிரண்டிலிருந்து நாலரை வரை கோயில்கள் பூட்டியிருக்கும், ஆகவே அது சாப்பிட்டு ஆறுகிற நேரம். நாலரைக்குப் பிறகு முகம் கழுவி, உடுப்பு மாற்றி, கோயில்கள். இவர் கேட்ட கல்லுத் தோட்டமும் ஒரு கோயிலுக்குள்தான் இருக்கிறது. அதை இரண்டாம் நாள் மாலை ஆறரைக்குப் போட்டேன். சனம் குறைந்து அமைதியாக இருக்கும், பூசை பார்த்த மாதிரியும் இருக்கும் என்று என் கணக்கு.

மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அம்மா, ஓப்பனிங் அவர்ஸ் செக் பண்ணினீங்களா?" என்று கேட்டாள்.

"கோயில் எப்ப திறக்கிறது எண்டு எனக்கு நீர் சொல்லித்தர வேண்டாம்" என்றேன்.

பிறந்ததிலிருந்து நான் கும்பிட்ட கோயில்கள் எல்லாம் மத்தியானம் பூட்டிப் பின்னேரம் திறக்கிறவை. ஸ்காபறோவிலும் அப்படித்தான். சாமி உள்ள இடத்தில் விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு பூட்டியிருக்கும் என்று கனவிலும் எனக்குத் தோன்றவில்லை.

ஹோட்டல்காரருக்குக் காட்டவும் உதவட்டும் என்று அட்டவணையை ஆங்கிலத்தில் நாலு பக்கத்தில் அடித்து முடித்தேன். யாருக்காக எந்த இடம் என்று கடைசிக் கரையில் மேலிருந்து கீழாக ஒரு நிரல் வேறு. ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் அதைப் பிரதி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடைசிப் பக்கத்தின் மூலத்தாள் இல்லை. பிரதி எடுக்கிற இயந்திரத்தின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இரண்டாம் நாளின் முழுத் திட்டமும் அந்தத் தாளில்தான். என் கையில் அதன் பிரதி இருந்தது. ஆனாலும் என் கைப்பட வர்ணம் தீட்டிய தாள் அல்லவா, மனம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை போய் விசாரித்தேன்.

நூலகத்தில் இருந்த பெண் மேசை லாச்சியைத் திறந்து அதை எடுத்துத் தந்தார். ஒரு அம்மா கொண்டுவந்து கொடுத்தாராம். முன்பு கியோட்டோவில் இருந்தவராம். "அதில் எழுதிப்போட்டேன், மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றும் சொல்லிவிட்டுப் போனாராம்.

தாளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. சின்னச் சின்ன எழுத்தில், கரைகளிலும் வரிகளுக்கு நடுவிலும், ஒரே பென்சில். நான் நாலு கிழமை இருந்து போட்ட திட்டத்தை யாரோ ஒருத்தி பரீட்சைத்தாள் மாதிரித் திருத்தி வைத்திருக்கிறாள். நாலரைக்குப் பிறகு நான் போட்டிருந்த கோயில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே குறிப்புத்தான், "ஐந்து மணிக்குப் பூட்டிவிடும்." ஒன்றில், "இது நாலரைக்கு." மலையில் வரிசையாகச் சிவப்பு வாசல்கள் நிற்கிற கோயிலை மட்டும், மலை ஏற வேண்டுமென்பதால், நான் காலையில் போட்டிருந்தேன். அதில் மட்டும், "இது எந்த நேரமும் திறந்திருக்கும், இதை மாலைக்கு மாற்றுங்கள்" என்று ஒரு அம்புக்குறி. இன்னொரு மூலையில், "நாடா கட்டுகிற சப்பாத்து வேண்டாம், நாளுக்குப் பத்துத் தரம் கழற்ற வேண்டிவரும்."

கடைசி வரி கல்லுத் தோட்டம். ஆறரை முதல் ஆறு ஐம்பது வரை என்று நான் போட்டிருந்ததை அவர் வெட்டியிருந்தார். "காலையில் கதவு திறக்கும்போதே போங்கள். இருபது நிமிடம் போதாது" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, என் கடைசி நிரலில் "கணவருக்காக" என்று நான் எழுதியிருந்ததைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருக்காக இந்தப் பக்கத்தில் இது ஒன்று மட்டும்தானா?

இவள் யார் என் வீட்டுக்குள் வந்து கேள்வி கேட்க என்று முணுமுணுத்தபடி காருக்குள் போய் இருந்தேன். பிழை பிடிக்கவென்றே தொலைபேசியை எடுத்துத் தேடினேன். அந்தத் தோட்டத்தின் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, மாலை ஐந்து மணி வரை என்று. அடுத்த கோயிலைத் தேடினேன். ஐந்து மணி. அடுத்தது நாலரை. மனுசன் வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தைக் கேட்டார். அவரை அரை உலகம் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய், கடைசிப் பின்னேரம், பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்தியிருப்பேன். அடுத்த நாள் விடிய ரயில். திரும்ப வரவும் வழியில்லை.

கதவு நேரத்தை மாற்றி எழுதிவிடலாம். அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. மற்றப் பக்கங்களையும் எடுத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று இடத்தில் இவர் பெயருக்கு இருந்தது அந்த ஒன்றுதான், அதுவும் இருபது நிமிடம். மிச்சமெல்லாம் எனக்காகவும், படம் பார்த்துக் கேட்கப்போகிற அக்காவுக்காகவும்.

அன்று இவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முதலே, "இஞ்சேருங்கோ, கியோட்டோவில உங்களுக்கு என்னென்ன பாக்க விருப்பம்?" என்று கேட்டேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஏன், ஏதும் பிழைச்சுப் போச்சே?"

நடந்ததைச் சொன்னேன். பேச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "எனக்கு அந்தத் தோட்டத்தைப் பாத்தாக் காணும். வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். ஏன் அது என்று கேட்டேன். அதையும் அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்கிறேன். வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் ஒரு கலண்டர் தொங்கியதாம், அதில் ஒரு மாதத்துக்கு அந்தத் தோட்டத்தின் படமாம். பரப்பிய வெள்ளைச் சல்லிக்கற்களும் பதினைந்து பெரிய கல்லும், வேறு ஒன்றுமில்லை. மாதம் முடிந்ததும் மனேச்சரைக் கேட்டு அந்தத் தாளைக் கிழித்துத் தன் லொக்கர் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டாராம். ஒன்பது வருடமாகிறது.

"கிடங்குக்குள்ள நாள் முழுக்க பீப் பீப் எண்டு சத்தம். சாப்பிடேக்க அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பாத்தா காதுக்குள்ள அந்தச் சத்தம் நிண்டுபோகும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு நாளும் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியை நான்தான் கட்டிக் கொடுக்கிறேன். அவர் சாப்பாட்டு வேளையில் எதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிரவே நானும் மகளும் அட்டவணையைப் பிரித்து மேய்ந்தோம். அவள் "ஐ டோல்ட் யூ, அம்மா" என்று ஒரே ஒரு தரம்தான் சொன்னாள், அது அவளுடைய பெருந்தன்மை. இருபத்து மூன்றை ஏழாக்கினோம். ஒவ்வொன்றையும் வெட்டும்போது எனக்கு வயிறு எரிந்தது. இவருக்குத் தெரியாமல் எட்டாவதாக ஒன்றைப் பிறகு செருகியது உண்மை.

அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதமும், நாள்பட்டாலும் கெடாத தட்டையான பருத்தித்துறை வடை ஒரு பையும் நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அந்தப் பக்கம் வரவேயில்லையாம். கடிதத்தை வைத்துக்கொண்டு, மூன்றாம் கிழமை வடையை நூலகத்தாரே சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். நல்ல உறைப்பு என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக் காட்டினார். உதவி செய்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வைகாசியில் போனோம். முதல் நாள் ஐந்தரை போல ஒரு கோயிலைத் தாண்டி நடந்தோம். பெரிய மரக்கதவு இறுகப் பூட்டியிருந்தது, வெளியே ஒருவர் படியைக் கூட்டிக்கொண்டிருந்தார். இவர் கதவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இஞ்சத்தைச் சாமியளுக்கு மோர்னிங் ஷிப்ற் போல" என்றார். தெருவென்றும் பாராமல் நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இரண்டாம் நாள் காலை கதவு திறக்கும்போதே தோட்டத்துக்குப் போய்விட்டோம். இவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தரையின் ஓரத்தில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், பத்து நிமிடத்தில் எனக்கு அந்தக் கற்கள் பார்த்து முடிந்துவிட்டன. இவரைப் பார்த்தேன். தோள் இரண்டும் இறங்கி, கை மடியில் கிடந்தது. வீட்டில் சோபாவில் இருக்கும்போதுகூட இந்த மனிதர் இப்படி இருந்து நான் கண்டதில்லை. சனம் வந்து படம் எடுத்துவிட்டுப் போனது, இன்னொரு கூட்டம் வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். நான் மணிக்கூட்டை ஒரே ஒரு தரம்தான் பார்த்தேன். பிறகு அவராகவே எழும்பி, "காணும், போவம்" என்றார். எட்டாவதாக நான் ஒளித்துச் செருகிய இடத்துக்கு நேரம் போதவில்லை, நானும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

எனக்குத் தெரியாததையெல்லாம் பத்துப் பேரிடம் கேட்டேன். கோயில் எப்போது பூட்டும், இவருக்கு என்ன பிடிக்கும் என்ற இரண்டும் எனக்குத் தெரியும் என்று நினைத்ததால் ஒருவரிடமும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் இவரிடமே கேட்கிறேன். அவர் ஆறுதலாக யோசித்துத்தான் பதில் சொல்கிறார், அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்க நானும் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டு வருகிறேன்.