மரவள்ளி அமுக்கிய பொத்தான்

சுவா துறைமுகத்தில் வைக்கப்போகும் டிக்கெட் இயந்திரத்துக்குத் திரை வடிவமைக்கும் வேலை செருவையாவுக்குக் கிடைத்தபோது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அதற்கு முன் பதினோரு வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளை பதிலுக்கு யோசித்தால் இவளுக்கு மூச்சு முட்டும், தானே சொல்லிவிடுவாள். அவள் வகுப்பில் ஒருவரும் பெயிலானதில்லை.

திரையை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் கப்பல் கம்பெனி மேலாளர் எபேலி. ஐந்து பேரும் அரை நிமிடத்தில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். பூரிப்போடு வீடியோவைக் காட்டினாள்.

"'இத அமுக்குங்க, அது இல்ல, மேல, ஆங்'னு கேக்குதே, யார் குரல்?"

"என் குரல்தான் சார்."

"அப்ப டிக்கெட் எடுத்தது நீதானேம்மா! நாளைக்கு வாயத் தொறக்காம உக்காரு. எங்க முழிக்கறாங்கன்னு மட்டும் எழுது."

வாயைத் திறக்காமல் இருப்பதா? இருபது நொடிகூடத் தாங்காது என்று அவளுக்கே தெரியும். மறுநாள் அவித்த மரவள்ளிக்கிழங்கில் பெரிய துண்டாகப் பார்த்து வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவன் விலிதாத்தி, அவள் அத்தை மகன். கேலி பேசுவது அவனுக்கு முறை.

"என்ன மாமா மகளே, கன்னம் வீங்கியிருக்கு? புருஷன் அறைஞ்சானா, நீ அறையப் போய் அவன் குனிஞ்சு உன்மேலயே விழுந்துச்சா?"

அவள் மேசையிலிருந்த அட்டையைக் காட்டினாள். 'வெள்ளிக்கிழமை கப்பலில் லெவுகா ஊருக்குப் போய், திங்கட்கிழமை வர டிக்கெட் எடுக்கவும். நினைப்பதைச் சத்தமாகச் சொல்லவும்.'

"சரி. இங்க ஒரு வீட்டுப் படம் இருக்கு. வீட்டுலேருந்துதான வந்தேன், அது வேணாம். லெவுகா... வெள்ளிக்கிழமை... ஆ, 'திரும்ப'ன்னு இருக்கு. திங்கக்கிழமை திரும்பணும்ல!"

அமுக்கினான். திரை முந்தைய பக்கத்துக்கே திரும்பிப் போனது. மறுபடி லெவுகா, வெள்ளி, 'திரும்ப'. ஆறு தடவை. ஏழாவது தடவை தொப்பியைக் கழற்றிவிட்டு, "கோச்சுக்காதப்பா" என்று இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அமுக்கினான்.

செருவையா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லத் தவித்த வார்த்தை மரவள்ளியை முட்ட, புரையேறிக் கண் பிதுங்கியது. விலிதாத்தி பதறி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். கிழங்கு பறந்துபோய்த் திரையின் வலது ஓரத்தில் 'போக-வர' என்ற பொத்தானில் அப்பியது. அடுத்த பக்கம் திறந்தது.

"அடேங்கப்பா! கெழங்குக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நான்தான் மண்டு."

"இல்ல மச்சான்," என்றாள் இருமிக்கொண்டே, "அந்தப் பொத்தானுக்குத் 'திரும்ப'ன்னு பேர் வச்சேன் பாரு, நான்தான் மண்டு."

பிறகு வந்த நான்கு பேரில் மூன்று பேர் அதையேதான் அமுக்கினார்கள். 'திரும்ப' என்பது 'முந்தைய பக்கம்' ஆனது. வீட்டுப் படம் போனது. புதிதாக ஐந்து பேர் வந்தார்கள். தட்டுத்தடுமாறினாலும் எல்லோரும் தாங்களாகவே டிக்கெட் எடுத்தார்கள். தான் ஒன்றுமே சொல்லாமல் பிறர் ஜெயிப்பதை அவள் பார்த்தது அன்றுதான். கண் கலங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். இப்போது வீட்டில் கணவன் மீன் டின்னைத் திறக்கப் போராடினால் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுக்கிறாள்.

"எந்த எடத்துல கஷ்டமா இருக்கு? சத்தமா சொல்லுங்க."

"வயித்துலடி! எழுதறத விட்டுட்டுத் தொறந்து குடு!"