ஆற்றில் தேங்காய் போட்டது யார்?

துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் குற்றவாளியைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைக்கப் படாத பாடு படுவார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. என் கதையின் குற்றவாளி என் அம்மா. அவர் பக்கத்து அறையில் தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போதுதான் நான் அதை எழுதினேன்.

நான் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருந்தும் கதைக்க முடியாத ஆட்களோடு இருப்பதாலோ என்னவோ, பகிடிக் கதை எழுதும் வியாதி பிடித்துவிட்டது. அந்த வருடம் எங்கள் கோயிலின் ஆண்டு மலருக்கு ஒரு கதை கேட்டார்கள். "பக்திக் கதை நிறைய வந்திட்டுது, பிள்ளை. சனம் சிரிக்கிற மாதிரி ஒண்டு தாரும்" என்றார் கோயில் தலைவர். கொடுத்தேன்.

விடயம் இதுதான். சாமிக்கு வைத்த பூவையும் கும்பத்துத் தேங்காயையும் குப்பையில் போடக்கூடாது. கால்படாத இடத்தில்தான் போட வேண்டும். சுவிஸில், லுசேர்ண் நகரத்தில் நான்காம் மாடியில் இருக்கிறவர்களுக்குக் கால்படாத இடம் என்றால் ஆறுதான். அம்மா எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்ச்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, விடியற்காலையில் ரொய்ஸ் ஆற்றங்கரைக்குப் போவார். பூ, மாவிலை, தேங்காய், சாமிப் படத்துக்குப் போட்ட நைலோன் மாலை, கடைசியில் பையும்.

"கீழை பச்சைத் தொட்டி இருக்குத்தானே அம்மா. அதுக்குள்ளை போட்டால் பூ மண்ணாப் போகும்."

"ஊரார்ரை எச்சில் சாப்பாட்டோடையோ சாமிப் பூ? அதிலை மீன் முள்ளும் கிடக்கும்."

"ஆத்துக்குள்ளை மீன் முழுசாவே இருக்கே."

"அது உயிரோடை இருக்கு."

"நீங்கள் பை போடுமட்டும்."

அம்மா தேவாரத்தை இன்னும் உரத்துப் பாடினார். அம்மாவோடு வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் எவருமில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் நடந்தபோது ஒரு வாத்தைக் கண்டேன். அதன் அலகைச் சுற்றி நைலோன் நூல், நூலில் இன்னும் இரண்டு மஞ்சள் பூ. கழற்றுவதற்காகத் தலையை உதறி உதறிப் பார்த்தது. நான் கிட்டப் போக, நூலோடேயே நீந்திப் போய்விட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எழுதத் தொடங்கினேன்.

கதையில் குங்குமம் பூசிய குடுமித் தேங்காய் ஒன்று ஆற்றில் மிதந்து வரும். காலையில் ஓடப் போன ஒரு பெண் அதை மனிதத் தலை என்று நினைத்துப் பொலிசுக்குத் தொலைபேசி அடிப்பாள். நீர்மூழ்கிகள் வருவார்கள், உலங்குவானூர்தி வரும், மோப்ப நாய் வந்து கொழுக்கட்டை ஒன்றைக் கண்டுபிடித்துச் சாப்பிட்டுவிடும். உண்மையில் செத்தது ஒரு மீன், தொண்டையில் பை. ஆற்றங்கரையில் நின்று தேவாரம் பாடியபடி அந்தப் பையை வீசியது ஒரு பெண். பெயர் வைக்கவில்லை.

மலருக்குத் தட்டச்சு செய்தவர் அதை வாசித்துச் சிரித்து, நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறார். அன்றைக்கே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

முதலில் வில் என்ற ஊரில் இருந்து ஒரு அண்ணை. "தங்கச்சி, என்னைப் பொம்பிளையா மாத்தி எழுதினால் நான் கண்டுபிடிக்கமாட்டன் எண்டு நினைச்சீரோ?"

"அண்ணை, நான் உங்களை நினைச்சு எழுதேல்லை."

"பொய் சொல்லாதையும். நான் துர் ஆத்திலை போட்டதை உமக்கு ஆர் சொன்னது?"

அடுத்து ஒரு அக்கா: "போடுறது என்ரை மனுசன். ஏன் என்ரை தலையிலை கட்டினனீர்?" பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். எந்தத் துப்பறிவாளருக்கும் இப்படி வாய்த்திருக்காது. நான் ஒருவரையும் தேடிப் போகவில்லை. குற்றவாளிகள் தாங்களாகவே என்னைத் தேடி வந்து ஏசிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் தலைவரே மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி நிலத்தைப் பார்த்தபடி சோபாவின் ஓரத்தில் இருந்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு, பிள்ளை" என்றார் தலைவர். "ஒண்டை மட்டும் மாத்தும். போட்டது ஒரு வெள்ளைக்காரன் எண்டு கதையை முடியும்."

"ஏன் அண்ணை?"

"எங்கடை ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ? வெள்ளைக்காரர் கண்டால் என்ன நினைப்பினம்?"

"அவை தமிழ் வாசிக்கமாட்டினம். அவையும் ஆத்துக்குள்ளை எவ்வளவோ ஊத்துகினம்தான். அதை அவை எழுதட்டும். இது எங்கடை பை. நான் ஒரு எழுத்தும் மாத்தமாட்டன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உம்மடை அம்மா கோயிலிலை மாலை கட்டுறவா. இது வெளியிலை வந்தால் ஆரெண்டு சனம் தேடும். பிறகு அவவைக் கட்ட விடுவினமோ தெரியாது. யோசியும்."

அங்கேதான் எனக்கு வலித்தது. ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கி முதுகு முறிந்து வீட்டோடு இருக்கிற அம்மாவுக்குக் கிழமையில் உள்ளது கோயிலில் மாலை கட்டும் அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். அதைப் பறித்தால் அவருக்கு இந்த நாட்டில் வேறொன்றும் இல்லை. அது தெரிந்தும் என் வாய் மாற்றுகிறேன் என்று சொல்ல மறுத்தது.

அம்மா தேத்தண்ணியோடு வந்தார். "என்ன கதை, தம்பி?"

தலைவர் சொன்னார், நடித்தும் காட்டினார். தேங்காய்த் தலைக்கு அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தேவாரம் பாடும் பெண் வந்ததும் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"வெள்ளைக்காரன் எண்டு மாத்தச் சொல்லுங்கோ, அக்கா" என்றார் தலைவர்.

"வெள்ளைக்காரன் தேவாரம் பாடுவானோ, தம்பி? அது நான். எழுதினபடி கிடக்கட்டும்."

"அப்ப மலரிலை வராது."

"வரவேண்டாம்."

அவர்கள் போன பிறகு அம்மா கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனார். வெள்ளிக்கிழமை காலையில் சமையலறை வாசலில் வந்து நின்று, "அதைப் பெரிய எழுத்திலை அடிச்சுத் தா" என்றார். ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது. அடித்துக் கொடுத்தேன்.

எங்கள் கோயில் டயர் கடைக்கும் தச்சுப் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது. பெண்கள் நிலத்தில் வட்டமாக இருந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியில் இருந்து உரத்து வாசித்தார். தலைவர் ஓடி வந்து, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒரு சொல் சொன்னால் பாய்வதற்கு நானும் எழுந்து நின்றேன். மோப்ப நாய் கொழுக்கட்டை சாப்பிட்ட இடத்தில் பெண்கள் உருண்டு சிரித்தார்கள். ஆற்றங்கரைப் பெண் வந்ததும் அம்மா நிறுத்தினார்.

"இது நான்தான். பையோடைதான் எறிஞ்சனான். இனி எறியமாட்டன்" என்றார். தாளை மடித்தார். "இப்ப நீங்கள் சொல்லுங்கோ."

ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். அம்மா அசையாமல் காத்திருந்தார். என் வாழ்நாளில் அவரை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

வட்டத்தின் ஓரத்தில் இருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. தலைவரின் மனைவி.

"நானும்தான், அக்கா. சூக் ஏரியிலை" என்றார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினார். "காரை ஸ்டார்ட்டிலை வைச்சுக்கொண்டு நிக்கிறது இவர்."