என் கையெழுத்தில் கூடிய இரண்டு வயது

முப்பது வயது முடிந்த பெண்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. பரளச்சிப் பக்கம் எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் பார்ப்பது என் வேலை. இந்த முறை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் ஆள் சேர்க்க வேண்டும். பேச்சை எடுத்தாலே பாதிப் பெண்கள் அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று உள்ளே போய்விடுவார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஆள் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் தானாக வந்து நின்றவள் என் தங்கச்சி ஒருத்திதான்.

"என் பேரையும் எழுதுக்கா."

தெற்குத் தெருவில் எங்களுக்கு மதினி முறையாகும் ஒருவர் போன கார்த்திகையில் இந்த நோயில்தான் போய்ச் சேர்ந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்தவள் தங்கச்சி. அன்றிலிருந்து தன் ரெண்டு பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்து அழுகிறாள்.

ஆதாரில் அவளுக்கு முப்பது முடிந்துவிட்டது. எழுதிவிடலாம். ஆனால் அந்த முப்பது எப்படி வந்தது என்று எனக்குத்தானே தெரியும்! வீட்டிலேயே பிறந்தவள், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பதினாறு வயதில் அவளை மாமன் மகனுக்குப் பேசி முடித்தபோது, "பதினெட்டுன்னு போட்டுரு. கல்யாணத்தன்னைக்கு யாராச்சும் வந்து கேட்டா காட்டணும்ல" என்றார் அப்பா. வீட்டில் பன்னிரண்டாவது படித்தவள் நான் மட்டும்தான். ஆதார் பாரத்தில் இரண்டு வருஷத்தைக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டு வேறு.

ஆக, நிஜத்தில் அவளுக்கு இருபத்தெட்டு. முப்பதுக்கு முன்னால் பார்த்தால் என்ன கெட்டுப்போகும் என்று நர்ஸம்மாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"சின்ன வயசுல இந்தப் புத்துநோயக் கொண்டாற கிருமி தொத்துனாலும் பெரும்பாலும் தானாப் போயிரும். அதையும் கண்டுபிடிச்சு, பயந்து, தேவையில்லாத வைத்தியமெல்லாம் பண்ணிக்கிருவாக. ஆனா ரத்தப்போக்கு, அடிவயித்து வலின்னு தொந்தரவு இருந்தா வயசே பாக்காதம்மா, ஒடனே கூட்டியா" என்றார். சரி என்று எழுந்தேன். "சின்னதுலயே கட்டிக்குடுத்த பிள்ளைகளுக்குத்தான் இது வர வாய்ப்பு ஜாஸ்தி, அவுகள நல்லாக் கவனிக்கணும்" என்று அதன்பிறகு ஒன்றைச் சேர்த்தார். ஆத்தாடி, அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்!

பிறந்ததிலிருந்து எண்ணுவதா, கட்டிக்கொடுத்ததிலிருந்து எண்ணுவதா? ஒரு நாள் அவள் பெயரை எழுதுவேன், மறுநாள் அடிப்பேன். அடித்து அடித்து அந்த இடத்தில் தாளே கிழிந்துவிட்டது. தொந்தரவு ஒன்றும் இல்லை என்று தங்கச்சி சத்தியம் பண்ணினாள். பயம் மட்டும்தானாம். "அப்பறம் எதுக்குடி என் உயிர வாங்குற?" என்று எரிந்து விழுந்தேன். கோபம் யார்மேல் என்று எனக்கே விளங்கவில்லை.

பரிசோதனை நாளன்று என்னைக் கேட்காமலே வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முறை வந்தது. ஆதாரை வாங்கிப் பார்த்த நர்ஸம்மா, எல்லாரிடமும் கேட்பதுபோல, "முப்பது முடிஞ்சிருச்சாம்மா?" என்றார்.

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "அக்காட்டக் கேளுங்க. வயச எழுதுனது அதுதான்."

ஆமாம் என்றால் அவளுக்குப் பரிசோதனை நடந்துவிடும். அது அவளுக்கு நல்லதா என்று தெரியவில்லை. இல்லை என்றால் வீட்டு மானம் போய்விடும். வாய் எதைச் சொல்லப் போகிறது என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

"இருபத்தெட்டுதான்மா. கல்யாணம் ஆகும்போது பதினாறு."

நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டரம்மாவக் கேட்டுட்டு வாரேன், இருங்க" என்று ஆதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். செய்தது சரியா தப்பா என்று புரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி தன் ஆதாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபமே இல்லை.

"இந்த வாய அன்னைக்கே தொறந்திருக்கலாம்லக்கா."