தாவும் கடிகாரம்

கிள்ளானில் அண்ணன் வீட்டுக்கு எதிரே, காலி நிலத்தில் அவருடைய லோரி நின்றுகொண்டிருந்தது. சர்க்கரை நோய் அவருடைய வலது கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. பிரேக்கை மிதிக்கிற கால். லைசென்ஸுக்கான பரிசோதனையில் டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பயிற்சி செய்தால் கால் தேறிவிடும், மறுபடியும் ஓட்டலாம் என்று அண்ணன் நம்பினார். லோரியை விட்டால் அவருக்கு வேறு உலகமே கிடையாது.

நான் பெட்டாலிங் ஜெயாவில் புரோகிராம் எழுதி வயிறு வளர்ப்பவள். கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. வீடியோ கேம் பெடல் ஒன்றை வாங்கி, அவருக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். திரை சிவந்ததும் மிதிக்க வேண்டும். எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று காட்டும். அன்றைய சிறந்த எண், அதாவது மிகக் குறைந்தது, பச்சையில் நிற்கும்.

சனிக்கிழமைகளில் நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் பிடித்துப் போவேன். வாரக்கணக்கில் ஒரே எண்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை அது இறங்கியது.

"பாத்தியாம்மா, கால் தேறுது லா!" என்றார் அண்ணன்.

அண்ணி அன்றைக்கே லோரியைக் கழுவி, மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கத்தான் வண்டி நகரவில்லை. லைசென்ஸ் வந்ததும் நசுக்கிக்கொள்ளலாம், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார் அண்ணன்.

மறுவாரம் அலுவலகத்தில் அந்த எண்களை வரிசையாகப் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி இருந்தன, நடுவில் எண்களே இல்லை. புரோகிராமில் நேரம் அளக்க நான் எடுத்த கம்ப்யூட்டர் கடிகாரம் ஓடுவதில்லை, தாவுகிறது. ஏறக்குறைய பதினைந்து மில்லிசெகண்டுக்கு ஒரு தாவல். இடையில் எத்தனை முறை கேட்டாலும் பழைய நேரத்தையே சொல்லும். தாவலுக்குக் கொஞ்சம் முந்தி மிதித்தால் போதும், எண் ஒரு படி இறங்கிவிடும்; கால் தேறியதாக அர்த்தமில்லை. மற்றவர்கள் இந்தத் தப்பைச் செய்தால் கிழி கிழியென்று கிழிப்பவள் நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறைக்கலாமா என்று நினைத்தேன். ரோட்டில் மற்றவர்களும் போகிறார்களே. நுண்ணிய கடிகாரத்துக்கு மாற்றிவிட்டு அண்ணனிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் மறுபடியும் மிதித்தார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு வாரம்கூட இறங்கவில்லை. அந்தப் பெடலைத் தூக்கிச் சாக்கடையில் எறியலாம் போல இருந்தது.

போன வாரம் அண்ணன் கேட்டார். "பழைய கடிகாரம் இன்னும் இருக்கா?"

"இருக்குண்ணே. அது சரியில்லாதது."

"தெரியும்மா. அதையே போடு."

போட்டேன். திரும்பத் திரும்ப மிதித்தார். அண்ணியும் சமையலை விட்டுவிட்டு வந்து நின்றார். பச்சையில் வந்த எண், நாங்கள் ஆரம்பித்த நாளில் வந்ததைவிட ஒரு படி மேலே இருந்தது. கால் அந்தக் கடிகாரத்தாலும் மறைக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது.

அண்ணன் தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கிப் பெடலிலிருந்து கீழே வைத்தார்.

"டயர் கீழ இருக்கிற பழத்த எடுத்துப் போட்டுரு," என்றார் அண்ணியிடம்.