வான்காரன் கேட்ட நட்சத்திரம்

பதினாறு வருடமாகப் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன். பிரேக் பிடிக்காமல் போனதுண்டு, மாரி வெள்ளத்தில் எஞ்சின் நின்றதுண்டு. ஆனால் பள்ளிக்கூட வாசலில் மூன்று தகப்பன்மார் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டு மறித்த அன்று போல நான் மாட்டுப்பட்டதில்லை.

"அண்ணை, உங்களுக்குக் கலியாணப் புறோக்கர் வேலையும் இருக்கோ?" என்று ஒருவர் கேட்டார்.

குற்றம் என்னுடையதுதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. முன் சீற்

என் மகள் சாம்பவி ஆண்டு எட்டு படிக்கிறாள். வானில் எப்போதும் முன் சீற்றில், எனக்குப் பக்கத்தில் இருப்பாள். அப்பாவில் அவ்வளவு பாசம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் கை முறிந்த சின்னப் பிள்ளை ஒன்றை முன்னுக்கு ஏற்றிவிட்டு, மகளைப் பின்னால் போகச் சொன்னேன். கண்ணாடியில் பார்க்கிறேன், ஒரு பிள்ளையும் புத்தகப் பையைத் தூக்கி இடம் விடவில்லை. சண்டை இல்லை, நக்கலும் இல்லை. அவள் நிற்பதே ஒருவர் கண்ணிலும் படவில்லை. சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள்.

வான் ஆட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், எது யாரோடு கோபம் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. பக்கத்துச் சீற்றில் இருந்தது மட்டும் தெரியவில்லை.

2. என் வைத்தியம்

முதலில் சீற்றுகளை மாற்றி, அவளை நடுவில் இருத்தினேன். கலகலவென்று போன வான் செத்தவீடு மாதிரிப் போனது. பிறகு எல்லோருக்கும் ரொபி இனிப்புக் கொடுத்தேன். ரொபியைத் தின்றார்கள். "விடுங்கோப்பா" என்றாள் என் மனிசி. நான் விடாமல் பிள்ளையாரிடம் போனேன்.

மகளின் பெயரோடு வானில் வரும் அவள் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒன்பது பேரின் பெயரையும் சேர்த்து அர்ச்சனை செய்தால் மனம் இளகாதோ என்று நினைத்தேன். ஐயருக்குப் பெயரோடு நட்சத்திரமும் சொல்ல வேண்டும். காலையில் ஏறும்போது ஒவ்வொரு பெண்பிள்ளையாகக் கேட்டு, கொப்பியில் குறித்துக்கொண்டேன். ஒரு பெட்டைப்பிள்ளையின் நட்சத்திரத்தை வெளியாள் கேட்டால் எதற்கென்று எங்கள் ஊரில் ஆடு மாட்டுக்கும் தெரியும். பக்தி முற்றியதில் எனக்கு அது தோன்றவில்லை.

அதுதான் தகப்பன்மார் வந்துவிட்டார்கள். பயத்தில் உண்மையைச் சொன்னேன். "என்ரை பிள்ளையோடை ஒருத்தரும் சேருகினமில்லை அண்ணை. அதுக்குத்தான் எல்லாற்றை பேரிலையும் அர்ச்சனை செய்தனான்."

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போனபின் இறங்குவதுதான் சாம்பவியின் வழக்கம். இன்னும் சீற்றிலேயே இருந்தாள்.

கேட்டவர் ஹெல்மெற்றைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என்ரை மகள் சித்திரை எண்டு பிழையாச் சொல்லிப்போட்டாள் அண்ணை. அவள் அத்தம்" என்றார்.

3. தோடம்பழம்

பின்னேரம் மற்றவர்களை இறக்கிவிட்டு நாங்கள் இருவருமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். அவள் நின்று வந்த நாளிலிருந்து தினமும் கேட்பதையே அன்றும் கேட்டேன். இண்டைக்கு ஆரோடை இருந்தனி?

"ஒருத்தரும் கதைக்காதது எனக்குப் பழகிப்போட்டுது அப்பா. இண்டைக்கு நீங்கள் வாசலிலை சொன்னதைக் கேட்டுப்போட்டு எல்லாரும் வரிசையிலை வந்து கதைச்சவை, ஆஸ்பத்திரியிலை வருத்தக்காரரைப் பாக்க வாறமாதிரி. தோடம்பழம் மட்டுந்தான் கொண்டுவரேல்லை. அதையும் தாங்குவன். நீங்கள் ஒவ்வொரு நாளும் உந்தக் கேள்வியைக் கேக்கிறியள், சோதினை மாதிரி. ஒவ்வொரு நாளும் நான் பெயில்."

நாளையிலிருந்து சைக்கிளில் போகிறேன் என்றாள். போனாள். முதல் நாள் மனம் கேளாமல் அவளுக்குப் பின்னால் வானை மெல்ல ஊரவிட்டுக்கொண்டு போனேன். வானில் வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் பிந்திவிட்டது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு நாள் நல்ல மழை. பின்னேரம் சைக்கிளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நனைந்தபடி வந்து முன் சீற்றில் ஏறினாள். கேள்வி தொண்டை வரை வந்தது. முருகா என்று விழுங்கினேன். மற்றவர்களை இறக்கிவிட்டேன். பிறகு, "மண்புழுவுக்கு எத்தினை இதயம் எண்டு தெரியுமோ அப்பா?" என்றாள்.

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

அவளுக்கு வகுப்பில் இன்றும் பெரிதாக ஆள் சேரவில்லை. நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தது என் மனப்புழுக்கம் தணியத்தான் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். அன்று வீட்டுப் படலை வாசலில் வானை நிறுத்தியும் அவள் இறங்கவில்லை, புழுக் கதை இன்னும் முடியவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.